மீதி அரண்மனை எங்கே போனது? (வாசகர் கேள்வி பதில்)

சென்ற இதழில் வேறு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, மதுரைக்கு வந்து மீனாட்சி அம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறுகிறவர்கள் திருமலை நாயக்கர் மகாலுக்கும் ஒரு நடை போய் வாருங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. போய்ப் பார்த்து மகிழ்ந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள், ஏமாந்து திரும்பியவர்களும் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த இதழில் மகாலும் தமுக்கம் அரண்மனையும் வைகையும் மட்டும்தான். மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

*

கேள்வி: நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளோடு மகாலுக்குப் போனோம். உள்ளே போய், சுற்றிப் பார்த்து, போட்டோ எடுத்து வெளியே வர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "ராஜா எங்கேம்மா தூங்குவார், எங்கே சாப்பிடுவார், ஒரு ரூம்கூட இல்லையே" என்று என் மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அரண்மனை இவ்வளவுதானா?
ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள் அம்மா. அங்கே படுக்கையறை கிடையாது, சமையல்கட்டு கிடையாது, அந்தப்புரம் கிடையாது. திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். 1636இல் அவர் எழுப்பிய அரண்மனையில் ஏறக்குறைய கால்வாசிதான் இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது. நீங்கள் போய் நின்ற பெரிய முற்றம், அதன் மேற்குப் பக்கம் உயர்ந்து நிற்கும் சொர்க்க விலாசம், பக்கத்தில் நாடகசாலை, இவ்வளவுதான் மிச்சம். சொர்க்க விலாசம் அரசர் கொலு வீற்றிருந்த இடம். நம் பேச்சில் சொன்னால் அவருடைய ஆபீஸ். வீடு போய்விட்டது, ஆபீஸ் மட்டும் நிற்கிறது என்று மகளிடம் சொல்லுங்கள், அவளுக்குப் புரியும்.

வீடு எப்படிப் போனது? பகைவர் யாரும் படையெடுத்து வந்து இடிக்கவில்லை. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றிக்கொண்டபோது, அங்கே தனக்கு ஒரு அரண்மனை கட்டுவதற்காகத் தாத்தாவின் அரண்மனையைப் பிரித்தார். மரவேலை, தூண், அலங்காரம் என்று எடுக்க முடிந்ததையெல்லாம் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். பழைய வீட்டின் கதவையும் நிலையையும் கழற்றிக்கொண்டு போய்ப் புது வீட்டில் வைக்கிற வழக்கம் நம் ஊர்களில் இன்றைக்கும் உண்டே, அதையே ஒரு அரசர் செய்தார். திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில் இப்போது அரசு அருங்காட்சியகமாக இருக்கும் தர்பார் மண்டபத்துக்குப் போகிற மதுரைக்காரர்கள் அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நில்லுங்கள்.

அதற்கப்புறம் மழையும் வெயிலும், கேட்பாரற்றுக் கிடந்த காலமும் சேர்ந்து மீதியைத் தின்றன. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு அக்கறை எடுத்துப் பழுதுபார்க்க வைத்ததால்தான் இந்தக் கால்வாசியாவது நமக்குக் கிடைத்தது. வெகுகாலம் இங்கே மாவட்ட நீதிமன்றம் நடந்தது. என் தாத்தா ஒரு வரப்புத் தகராறு வழக்குக்காக வருஷக்கணக்கில் இங்கே நடந்திருக்கிறார். வீட்டில் அவர் "மகாலுக்குப் போறேன்" என்று சொன்னால் கோர்ட்டுக்குப் போகிறார் என்று அர்த்தம். வாய்தா வாங்கிக்கொண்டு வந்து தூணடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுவாராம். நான் சின்னப் பையனாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போனபோது அவர் முதலில் காட்டியது சிம்மாசன மேடையை இல்லை, தான் உட்கார்ந்த தூணை.

சரி, மீதி அரண்மனையைப் பார்க்க வேண்டுமா? மகாலை விட்டு வெளியே வந்து வடக்கே விளக்குத்தூண் பக்கம் நடங்கள். பத்துத்தூண் எங்கே என்று எந்தக் கடையில் கேட்டாலும் கை காட்டுவார்கள். ஜவுளிக் கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு சந்து. நைட்டியும் துண்டும் பாவாடைத் துணியும் தொங்குவதை விலக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், ஒரு கூரையையும் தாங்காமல் வரிசையாகப் பத்துத் தூண்கள் வானத்தைப் பார்த்து நிற்கும். அரண்மனையின் இன்னொரு பாதியான ரங்க விலாசத்தில் எஞ்சியது இதுதான். போன மாதம் நான் போனபோது ஒரு தூணின் அடிப்பக்கத்தில் சாய்ந்தபடி ஒரு பெரியவர் பில் புத்தகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே அந்தத் தூண் போய்க்கொண்டே இருந்தது. மகாலுக்குள் அதே மாதிரித் தூணைப் பார்க்கும்போது கண் பழகிவிடுகிறது. இங்கே பக்கத்தில் மூன்று மாடிக் கடைகள் நிற்பதால்தான் அதன் உயரம் உறைக்கிறது.

அந்தப் பத்துத் தூணுக்கும் நீங்கள் டிக்கெட் வாங்கிய வாசலுக்கும் நடுவே இருக்கிற தெருக்கள், வீடுகள், பாத்திரக் கடைகள், தறிச் சத்தம் எல்லாமே ஒருகாலத்தில் அரண்மனைக்குள் இருந்த நிலம். தெருப் பெயர்கள் இன்னும் அதைச் சொல்கின்றன. நவபத்கானா தெரு, முரசும் நாதஸ்வரமும் முழங்கிய நௌபத்கானா இருந்த இடம். பந்தடித் தெருக்கள், பந்தாட்டம் நடந்த வெளி என்பார்கள். பிள்ளைகளை இந்தத் தெருப் பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை அரை மணி போதாது.

*

கேள்வி: தூண்கள் கல்லா, சிமெண்டா? தொட்டால் பளிங்கு மாதிரி வழவழவென்று இருக்கிறது. முட்டையின் வெள்ளைக்கருவில் கட்டியது என்று கைடு சொன்னார், உண்மையா?
ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: முட்டையில் கட்டவில்லை, முட்டை கலந்து பூசினார்கள். மகாலின் தூண்கள் உள்ளே கல், அவற்றை இணைக்கும் வளைவுகள் செங்கல், எல்லாவற்றுக்கும் மேலே போர்த்தியிருப்பது சுண்ணாம்புப் பூச்சு. சிமெண்ட் நம் நாட்டுக்கு வருவதற்கு இருநூறு வருஷங்களுக்கும் மேல் முந்திய கட்டடம் அது.

இந்தப் பூச்சு வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் என் சொந்தக்காரர் ஒருவர் காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளுக்கு இந்த வேலை செய்த கொத்தனார். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, பல நாள் ஊறப் போடுவார்கள். நீற்றும்போது அது கொதிக்கிற கொதியில் பக்கத்தில் நிற்க முடியாது. ஊறியதை மணலோடு சேர்த்துச் செக்கில் அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேரும். அடிப்பூச்சு, நடுப்பூச்சு என்று ஒவ்வொன்றும் காய்ந்து இறுகிய பிறகுதான் அடுத்தது. கடைசிப் பூச்சுக்கு மட்டும் வெண்ணெய் மாதிரி அரைத்த வெள்ளைச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு. அதைப் பூசிய கையோடு வழுவழுப்பான கல்லால் தேய்க்க ஆரம்பித்தால் பளபளப்பு ஏறும்வரை நிறுத்தக் கூடாது. கை ஓய்ந்து நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழுந்துவிடும், எத்தனை வருஷம் ஆனாலும் அந்தக் கோடு தெரியும் என்பார் அவர். அந்த வேலை முடிந்த சுவரில் முகம் பார்த்துத் தலை சீவலாம். செட்டிநாட்டு வீடுகளில் பார்த்திருப்பீர்கள்.

இப்போது மகாலின் தூணைக் கண் முன்னால் கொண்டுவாருங்கள். ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கைக்குள் அடங்காத தூண். ஒன்று இல்லை, இரண்டு இல்லை, இருநூறுக்கும் மேல். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் சாரத்தில் நின்றுகொண்டு, கை ஓயாமல், கோடு விழாமல் தேய்த்திருக்கிறார்.

அந்தத் தூணில்தான் சாவியாலும் காம்பஸாலும் பேர் எழுதிவைத்திருக்கிறோம். ஆள் நின்று கையெட்டும் உயரம் வரைக்கும் பார்த்துவிட்டு, அதற்கு மேலே பாருங்கள். கையெட்டாத உயரத்தில் தூண் இன்னும் பால் நிறத்தில் மின்னும். கையெட்டும் இடத்தில் இதயம், அம்பு, இரண்டு எழுத்து, ஒரு வருஷம். இதைச் சொல்லும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. சுண்ணாம்புப் பூச்சு சுவாசிக்கிற பொருள், உள்ளே இறங்கிய ஈரத்தைத் தானாக வெளியே விட்டுவிடும். கீறல் விழுந்தால் மேல்தோல் போய் அங்கே தண்ணீர் இறங்கும், உப்புப் பூக்கும், பொருக்குத் தட்டும். அவசரத்துக்குச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்தில் இருக்கிற நல்ல பூச்சையும் தள்ளிவிடும். மறுபடி அதே சுண்ணாம்பில் பூசத் தெரிந்த கைகள் இன்று எத்தனை பேருக்கு இருக்கின்றன? என் சொந்தக்காரரின் பிள்ளைகள் யாரும் அந்த வேலைக்கு வரவில்லை. தயவுசெய்து கூட வருகிற பிள்ளைகளிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், தொட்டுப் பார்க்கலாம், கீறக் கூடாது. யாராவது கீறுவதைப் பார்த்தால் கூச்சப்படாமல் தடுங்கள். நான் தடுத்திருக்கிறேன். பெரும்பாலும் அந்தப் பையன்கள் "தெரியலண்ணே, சாரி" என்று சொல்லிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வார்கள். தெரியாமல் செய்கிறவர்கள்தான் அதிகம்.

*

கேள்வி: மகாலைக் கட்டியது ஒரு இத்தாலியர் என்கிறார்களே?
ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அப்படிச் சொல்வது வெகுநாளாக வழக்கத்தில் இருக்கிறது. நாயக்கர் காலத்தில் மதுரையில் ஐரோப்பியப் பாதிரியார்கள் இருந்தார்கள், அரண்மனையோடு அவர்களுக்குப் பழக்கமும் இருந்தது, அதனால் மேல்நாட்டுச் சாயல் வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் நீங்களே போய்ப் பாருங்கள். வளைவுகளும் குவிமாடமும் சுல்தான்கள் ஊர்களை நினைவூட்டும், தூணுக்கு மேலே சுதையில் யாளியும் அன்னமும் கொடியும் நம் கோயில்களில் இருந்து நேராக வந்திருக்கும். சொர்க்க விலாசத்தின் நடுக் குவிமாடம் 60, 70 அடி உயரத்தில் நடுவில் ஒரு உத்திரம்கூட இல்லாமல் நிற்கிறது. திட்டம் யாருடையதாக இருந்தாலும், செங்கல் அடுக்கியதும் சுதை பிடித்ததும் இந்த ஊர்க் கைகள். எனக்கு அந்த இத்தாலியரைவிட அவர்கள் பெயர் தெரியாமல் போனதில்தான் வருத்தம்.

*

கேள்வி: ராணி மங்கம்மாளின் அரண்மனை மதுரையில் வைகைக் கரையில் இருந்ததாக என் பாட்டி சொல்வார். அது இப்போது இருக்கிறதா? எங்கள் ஆறு என்பதால் ஒரு ஆசை.
ஒரு வாசகி, உத்தமபாளையம்

பதில்: இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. நீங்கள் மதுரைக்கு வந்து அதன் வாசலைத் தாண்டிப் போயிருக்கவும் கூடும். காந்தி மியூசியம் என்று நாம் சொல்கிறோமே, அந்த வெள்ளைக் கட்டடம்தான் ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை. எதிரே இருக்கும் தமுக்கம் மைதானத்துக்கும் அதிலிருந்துதான் பெயர். கோடைக் காலத்தில் வந்து தங்கும் மாளிகை, மைதானத்தில் நடந்த யானைச் சண்டையையும் விளையாட்டுகளையும் அரச குடும்பத்தார் மேலிருந்து பார்த்த இடம் என்பார்கள்.

முதல் பதிலில் அரண்மனையைப் பிரித்துக்கொண்டு போன சொக்கநாத நாயக்கரைச் சொன்னேன் அல்லவா, மங்கம்மாள் அவருடைய மனைவி. கணவர் போய், மகனும் இளம் வயதில் போய், கைக்குழந்தையாக இருந்த பேரனுக்காக 1689 முதல் சுமார் 15 ஆண்டுகள் நாட்டை ஆண்டவர். தென்பாண்டி நாட்டில் இன்றும் பழைய சாலை, நிழல் தரும் மரவரிசை, குளம், சத்திரம் எதைக் காட்டினாலும் ஊர்க்காரர்கள் மங்கம்மாள் பெயரைத்தான் சொல்வார்கள். மதுரை ரயிலடிக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரமும் அவர் பெயரில்தான்.

இடத்தைக் கவனியுங்கள். கோட்டையும் கோயிலும் மகாலும் வைகைக்குத் தெற்கே. தமுக்கம் மட்டும் வடகரையில், கொஞ்சம் மேடான இடத்தில். இன்று நடுவே கோரிப்பாளையம், கடைகள், ஆஸ்பத்திரி, மேம்பாலம் என்று எல்லாம் வந்து மறைத்துவிட்டது. அவற்றையெல்லாம் மனசிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். தோப்பு, அதற்கப்புறம் மணல், மணலின் நடுவே ஓடுகிற தண்ணீர், அக்கரையில் கோட்டைச் சுவர், அதற்கு மேலே நாலு திசைக் கோபுரமும். ஆற்றுக் காற்றும் கோபுரக் காட்சியும் ஒருசேரக் கிடைக்கிற இடம் பார்த்துத்தான் அந்த மாளிகையை வைத்திருக்கிறார்கள்.

பின்னாளில் ஆங்கிலேய அதிகாரிகள் அங்கே குடியிருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த இடம் காந்தி நினைவுக்குக் கொடுக்கப்பட்டு, 1959 ஏப்ரல் 15இல் நேரு திறந்துவைத்தார். காந்தி கடைசியாக உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்த அறையின் சுவர்கள் கறுப்பு. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகச் சத்தம் போட்டுக்கொண்டே வந்து, அந்த வாசலில் நுழைந்ததும் தானாக அமைதியாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காந்தி மேல்சட்டையைத் துறந்து முழங்கால் வேட்டிக்கு மாறியது 1921 செப்டம்பரில், இதே மதுரையில், மேலமாசி வீதியில் ஒரு வீட்டில். அந்த வீட்டையும் அவசியம் பாருங்கள். பாட்டியைக் கூட்டிவர முடிந்தால் நல்லது, மியூசியத்தைச் சுற்றி மரநிழலும் உட்கார இடமும் உண்டு.

*

கேள்வி: மகாலில் கூரையைத் துளைத்துத் திருடன் இறங்கிய கதை நிஜமா?
ஒரு வாசகர், சிவகங்கை

பதில்: கதையாகத்தான் வழங்குகிறது. ஒருவன் கூரை வழியே அரசரின் பள்ளியறைக்குள் இறங்கி நகைகளை எடுத்துக்கொண்டு போனான். கொண்டுவந்து கொடுத்தால் பரம்பரைக்கும் நிலம் எழுதித் தருகிறேன் என்று அரசர் அறிவித்தார். அவன் வந்து கொடுத்தான். சொன்னபடி நிலத்தைக் கொடுத்துவிட்டு, களவுக்குத் தண்டனையாகத் தலையையும் வாங்கினார். மகாலிலிருந்து மீனாட்சி கோயிலுக்குச் சுரங்கம் உண்டு என்பதும் இந்த மாதிரிக் கதைதான். பிள்ளைகளுக்குச் சொல்ல அருமையாக இருக்கும், சொல்லுங்கள்.

*

கேள்வி: அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரே நாளில் இதையெல்லாம் காட்ட முடியுமா? எப்போது வரலாம், எப்படித் தொடங்கலாம்?
ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முடியும் தம்பி, வெயிலை மட்டும் மதியுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசி வேண்டாம். மார்கழி, தை மாதங்கள் சுகம்.

மகால் திறக்கிற நேரத்துக்கே வாசலில் நின்றுவிடுங்கள். காலை வெயில் கிழக்கிலிருந்து முற்றத்தைத் தாண்டிச் சொர்க்க விலாசத்தின் முகப்பில் நேராக விழும், அந்த நேரத்தில்தான் சுதை வேலையின் மேடு பள்ளம் எல்லாம் எழுந்து நிற்கும். மத்தியானத்தில் எல்லாம் தட்டையாகிவிடும். கொலு மண்டபத்துக்குப் படி ஏற வேண்டும். அம்மாவால் முடியாவிட்டால் முற்றத்தைச் சுற்றி இருக்கிற தூண் நிழலில் உட்கார வையுங்கள், அங்கிருந்தே முக்கால்வாசி தெரியும். கார் என்றால் மகால் தெருக்களில் நிறுத்த இடம் தேடியே நேரம் போய்விடும், ஆட்டோ நல்லது.

பத்துத்தூண் முடித்து விளக்குத்தூணுக்கு வந்தால் ஜிகர்தண்டா குடிக்காமல் போகாதீர்கள். பாதாம் பிசின், நன்னாரி, சுண்டிய பால், மேலே ஐஸ்கிரீம். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் ஒன்று வாங்கி மூன்று பேரும் பகிர்ந்துகொள்ளுங்கள். அந்தப் பக்கத்திலேயே சுங்குடிச் சேலைக் கடைகள். மகாலைச் சுற்றிக் குடியிருக்கும் சௌராஷ்டிர மக்களின் கைவேலை அது. அம்மாவுக்குக் கால் வலித்தாலும் அங்கே நிற்பார்.

மத்தியானம் ஓய்வு. நாலு மணிக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது. ஒவ்வொரு பக்கமும் ஆயிரம் அடியை ஒட்டி இருக்கும், நடுவே மைய மண்டபம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் பிறகு குளமாயிற்று என்பது மதுரைக்காரர்கள் எல்லாரும் சொல்லும் சேதி. அங்கே தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார். சதுர்த்திக்கு 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை அவருக்கு. ஆக, காலையில் நீங்கள் பார்த்த சுவர்கள் வந்த இடத்தைச் சாயங்காலம் பார்க்கிறீர்கள். நான் வளர்ந்த காலத்தில் அந்தக் குளத்துக்குள் தண்ணீர் இல்லை, நாங்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவோம். இப்போது வைகைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து நிற்கிறது, படகு போகிறது. படிக்கட்டுச் சுவரில் அப்பா அம்மாவை உட்கார வைத்து ஆளுக்கொரு பருத்திப்பால் வாங்கிக் கொடுங்கள். தைப்பூசத்தில் வர முடிந்தால் மீனாட்சி சுந்தரேசுவரர் தெப்பம் சுற்றுவதையும் பார்க்கலாம், ஆனால் அந்தக் கூட்டம் அம்மாவுக்குத் தாங்காது.

இரவு மகாலில் ஒலி ஒளிக் காட்சி, தமிழில் தனியாக உண்டு, சிலப்பதிகாரக் கதையும் வரும். பழுது பார்க்க நிறுத்தி வைத்திருக்கும் காலங்களும் உண்டு என்பதால் காலையில் டிக்கெட் வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தமுக்கத்தை மறுநாள் காலைக்கு வைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புங்கள், ஒரே நாளில் திணிக்க வேண்டாம்.

*

கேள்வி: வைகைக் கரையில் அரண்மனை, வைகைக் கரையில் நாகரிகம் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். ஆற்றைப் பார்த்தால் மணலும் சாக்கடையும்தான். தண்ணீரே இல்லாத ஆற்றை நம்பியா ராஜாக்கள் தலைநகர் வைத்தார்கள்?
ஒரு வாசகர், ராமநாதபுரம்

பதில்: ராமநாதபுரத்திலிருந்து இந்தக் கேள்வி வருவதன் வேதனை எனக்குத் தெரியும் ஐயா. வருஷநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் வந்து உங்கள் மாவட்டத்தில் முடிகிற ஆறு, கடைசிக் கண்மாய்க்காரர்களுக்குத்தான் எப்போதும் கடைசியில் வரும்.

வைகை ஒருநாளும் காவிரி மாதிரி ஆறு இல்லை. மழைக்கு வரும், சில வாரங்கள் பெருகும், வற்றும். குண்டோதரனின் தாகம் தீரச் சிவன் "வை கை" என்று சொன்ன கதை இருக்கிறதே, கையை வைத்தால் ஊறும் ஆறு என்பதை அது அப்படியே சொல்கிறது. மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று வரும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஆற்றில் பாண்டியர்களும் நாயக்கர்களும் செய்தது என்னவென்றால், வெள்ளம் வருகிற சில வாரத் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பிக் கண்மாய் கண்மாயாக நிரப்பிக்கொண்டார்கள். ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய். கடலுக்குப் போவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட வேண்டும் என்பதே கணக்கு. உங்கள் ஊர்ப் பெரிய கண்மாய் அந்தச் சங்கிலியில் கடைசி வளையம். தெப்பக்குளமும் அதே வேலைதான், அழகுக்கு வெட்டியதென்றாலும் அதற்குத் தண்ணீர் ஆற்றிலிருந்துதான்.

1895இல் முல்லைப் பெரியாறு நீரைச் சுரங்கம் வழியே இந்தப் பக்கம் திருப்பினார்கள், 1959இல் வைகை அணை வந்தது. அதன் பிறகு மதுரைக்குள் ஆறு ஓடுவது அணையைத் திறப்பதைப் பொறுத்தது. மணலையும் அள்ளினோம், ஊற்று போனது. ஊருக்குத் தெற்கே மாலை மாதிரி சுற்றி ஓடிய கிருதுமால் நதியை இன்று வாய்க்கால் என்றுகூடச் சொல்ல மாட்டோம், மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோம். வடக்கே வைகை, தெற்கே கிருதுமால், நடுவில் மதுரை. அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்த ஊர் இது. அரண்மனை இடிந்ததற்குக்கூட ஒரு அரசரைச் சொல்லலாம், இரண்டு ஆற்றையும் இழந்ததற்கு நாம்தான் பொறுப்பு.

ஆனாலும் சித்திரைப் பௌர்ணமிக்கு ஒருமுறை வாருங்கள். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, தேனூர்ப் பக்கம் ஆற்றில் இறங்கிய அழகரை மதுரைக்கு வரவழைத்து இரண்டையும் ஒரே திருவிழா ஆக்கியது திருமலை நாயக்கர்தான் என்பார்கள். அதனால்தான் சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதியில் ஓடுகிறது. அழகர் மலையிலிருந்து புறப்பட்டு, மூன்றுமாவடியில் எதிர்சேவை கண்டு, தல்லாகுளத்தில் ஆண்டாள் மாலை சூடிக்கொண்டு, தமுக்கத்தைத் தாண்டி விடியற்காலையில் ஆற்றுக்கு வருவார். முந்தின இரவே 1889இல் திறந்த ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலத்துப் பக்கம் இடம் பிடிக்க வேண்டும். போன முறை என் பக்கத்தில் மானாமதுரையிலிருந்து வந்த ஒரு அம்மா, கையில் சர்க்கரை நிரப்பிய செம்பு, வாழையிலையால் மூடி, நடுவில் சூடம். இரவு முழுக்கத் தூங்கவில்லை. அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். மூணு மணி வாக்கில் மணலில் ஈரம் ஏறி, மெல்லிய ஓடையாகத் தண்ணீர் எங்கள் காலடிக்கு வந்தபோது, அந்த அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து இரண்டு கையாலும் அள்ளித் தலையில் விட்டுக்கொண்டார். அழகர் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.